கிருமியின் குலவரலாறு

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



சமயமும் தமிழும் வழக்கமாகப் பேசப்படும் இம்மேடையிலே நோய்க்கிருமிகளைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வைத்தியர்களுக்கு மாத்திரம் உரியதன்று. ஒரு நாட்டில் கொள்ளைநோய் புகுந்தபோது, அது எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு ஊரார் ஒரு விடை கூறினர். அதிகாரத்தில் இருந்தோர் வேறொரு விடை கூறினர். ஈற்றில் அக்கிருமியே தன் வாயால் உண்மையைக் கூறிற்று. கிருமிக்கு வாய் ஏது என்று கேட்பீர்கள். அதனுடலில் எழுதப்பட்டிருக்கும் எழுத்தே அதன் வாய். அவ்வெழுத்தைப் படிக்கும் கலையைப் பற்றியும், அக்கலை வாய்மைக்குச் செய்த தொண்டைப் பற்றியும் சிறிது சிந்திப்போமாக.

அமெரிக்கக் கண்டத்தையடுத்த கரீபியன் கடலிலே ஹெயிட்டி என்றொரு நாடு உண்டு. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் கிளர்ந்தெழுந்து, 1804 ஆம் ஆண்டில் தமக்கெனச் சுதந்திரம் பெற்ற நாடு அது. வரலாற்றிற் பெருமை வாய்ந்த அந்நாடு செல்வத்தில் மிக வறியது. 2010 ஆம் ஆண்டு சனவரி 12 ஆம் நாள் அங்கே பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல இலட்சம் மக்கள் வீடிழந்து கூடாரங்களில் ஒதுங்கினர். பட்ட காலிலே படும் என்பது போல, அதே ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே வாந்திபேதி என நாம் வழங்கும் கொலரா நோய் அங்கே தோன்றிற்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் அந்நோய் கண்டதாகப் பதிவு இல்லை. பாட்டன்மாரும் அறியாத நோய் அது. காலையில் நலமாயிருந்தவர் மாலையிற் பிணமானார். நீரும் உப்பும் உடலைவிட்டு வெளியேறுவதே மரணத்துக்குக் காரணம் என்பதையும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உடனே கொடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர் என்பதையும் கிராமத்து மக்கள் அறிந்திலர்.

அறியாமை உள்ள இடத்தில் அச்சம் குடிபுகும். அச்சம் குடிபுகுந்த இடத்தில் பழி ஆளைத் தேடும். ஹெயிட்டியில் வூடூ எனப்படும் ஒரு வழிபாட்டு மரபு உண்டு. அது ஆபிரிக்க முன்னோரிடமிருந்து வழிவழி வந்தது. அம்மரபின் பூசகர்கள் மந்திரப் பொடி தூவி நோயைப் பரப்பினர் என்ற வதந்தி எழுந்தது. 2010 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வதந்தியின் பேரில் கூட்டத்தாரால் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அன்பர்களே, இதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். தம் முன்னோர் தெய்வத்தை வணங்கியதன்றி வேறு குற்றம் அறியாதோர் கொல்லப்பட்டனர். நோய் எங்கிருந்து வந்தது என்ற வினா வெறும் ஆராய்ச்சி வினா என்று இனி எவரும் சொல்லுவரோ? அவ்வினாவுக்கு உண்மையான விடை கிடையாதவிடத்துப் பொய்யான விடை கொலை செய்யும்.

இனி, மற்றொரு பேச்சும் அங்கே எழுந்தது. ஹெயிட்டியின் மிக நீண்ட ஆறு ஆர்ட்டிபொனீற் என்பது. அதன் மேற்பகுதியில் மீர்பலே என்னும் பட்டினத்துக்கு அருகே, மெயி என்னும் ஓடைக் கரையில், ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிகாக்கும் படை முகாமொன்று இருந்தது. அம்முகாமுக்கு 2010 ஒக்ரோபர் மாதத்திலேதான் நேபாள நாட்டிலிருந்து புதிய படையினர் வந்து சேர்ந்தனர். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நேபாளத்தில் கொலரா பரவியிருந்தது. முகாமின் மலக்கழிவு அந்த ஓடையிற் கலக்கின்றது என்று அயலிலுள்ளோர் முறையிட்டனர். முதல் நோயாளர் அந்த ஓடையின் அயலிலேயே காணப்பட்டனர். சில நாட்களுள் ஆற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் நோய் பொங்கியெழுந்தது. முகாமின் அதிகாரிகளோ தம் கழிவகற்றும் முறையிற் குறையில்லை என்றனர்.

இவ்விரண்டு பேச்சுக்களில் எது வதந்தி, எது உண்மை? கண்ணாற் கண்டு சொல்ல இயலாது. ஒரு சொட்டு நீரிலே கோடிக்கணக்கில் வாழத்தக்க நுண்ணுயிரின் பயணத்தைக் கண்டவர் யார்? ஈண்டுதான் விஞ்ஞானத்தின் துணை வேண்டப்பட்டது.

கொலராவைப் பற்றிய அறிவு படிப்படியாக வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். 1854 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நோய் பரவியபோது, வைத்தியர் ஜோன் ஸ்னோ என்பார் இறந்தோரின் வீடுகளைப் படத்திற் குறித்து, அவை ஒரு தெருக்குழாயைச் சூழ்ந்திருப்பதைக் காட்டினார். நோய் நீர்வழி வருவது என்பது அதனாற் புலனாயிற்று. 1884 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக் கல்கத்தாவிலே நோயாளர் உடலிலும் ஒரு குளத்து நீரிலும் அக்கிருமியைக் கண்டறிந்தார். 1959 ஆம் ஆண்டில் அதே கல்கத்தாவில் சம்பு நாத் தே என்னும் இந்திய விஞ்ஞானி, நோயை விளைப்பது கிருமி சுரக்கும் நச்சுப்பொருளே என்று நிறுவினார். இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒரு வினா எஞ்சி நின்றது. இவ்வூர்க் கொலராக் கிருமிக்கும் அவ்வூர்க் கொலராக் கிருமிக்கும் உறவு உண்டா, இல்லையா?

நுணுக்குக்காட்டியின் கீழ் எல்லாக் கொலராக் கிருமிகளும் வளைந்த காற்புள்ளி போலவே தோன்றும். குருதிநீர்ச் சோதனைகளால் அவற்றை இருநூறுக்கு மேற்பட்ட பிரிவுகளாக வகுத்தனர். அவற்றுள் பெருவாரியாய்ப் பரவும் கொள்ளைநோயை விளைப்பவை இரண்டே. ஓ1 என்பது பழையது. ஓ139 என்பது 1992 ஆம் ஆண்டில் சென்னையில் முதன்முதற் கண்டறியப்பட்டது. ஹெயிட்டிக் கிருமி ஓ1 பிரிவைச் சேர்ந்தது. ஆனால் உலகத்துக் கொலராவின் பெரும்பகுதியும் அப்பிரிவே. ஒருவரைத் தமிழர் என்று சொன்னமட்டில் அவர் எவ்வூரார், எக்குடும்பத்தார் என்று தெரிந்துவிடுமா? அதுபோல ஓ1 என்றமட்டில் அக்கிருமியின் பிறப்பிடம் தெரியாது. அதன் குலவரலாற்றை அறிய வேறொரு வழி தேவை.

அவ்வழியை விளக்க நமக்கு வெளியே எங்கும் உவமை தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் நூல்களை ஓலையில் எழுதினர். ஓலை செல்லரிக்குமுன் மற்றொருவர் பார்த்துப் பிரதி செய்தார். பிரதி செய்வோர் எவ்வளவு கவனமாயிருந்தாலும் ஓரிரு எழுத்துப் பிழைகள் நேரும். அப்பிழையுள்ள ஏட்டைப் பார்த்து எழுதியவரும் அப்பிழையையே எழுதுவார். தம் பங்குக்குப் புதிதாய் ஒன்றும் சேர்ப்பார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்த காலத்தில் பல ஊர் ஏடுகளை ஒப்புநோக்க நேர்ந்தது. ஏட்டாராய்ச்சி செய்வோர், இரு ஏடுகளில் ஒரே அரிய பிழை ஒரே இடத்தில் இருக்கக் கண்டால், அவையிரண்டும் ஒரு மூல ஏட்டின் வழிவந்தவை என்று துணிவர். பிழைகள் கூடக்கூட உறவு தூரமாகும். பிழைகள் ஒத்தால் உறவு நெருங்கும்.

கிருமியும் ஓர் ஏடே. அதன் உடலினுள் டீ.என்.ஏ. எனப்படும் நீண்ட மூலக்கூறு இருக்கிறது. அதில் நான்கே நான்கு எழுத்துக்கள் மாறிமாறி எழுதப்பட்டுள்ளன. கொலராக் கிருமியின் ஏட்டில் ஏறக்குறைய 40 இலட்சம் எழுத்துக்கள் உண்டு. அதன் முழுப் பாடமும் முதன்முதல் 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கிருமி இரண்டாய்ப் பிரியும் ஒவ்வொரு முறையும் அவ்வேடு பிரதி செய்யப்படுகிறது. சிற்சில வேளைகளில் எழுத்துப் பிழை நேர்கிறது. இதனையே விஞ்ஞானிகள் விகாரம் என்பர். உலகெங்கும் பரவிய இன்றைய கொலராக் கிளையில், நிலைபெறும் பிழைகள் ஆண்டுக்கு மூன்று என்ற அளவில் சேர்கின்றன எனக் கணித்துள்ளனர். ஆகவே பிழைகளை எண்ணினால், இரு கிருமிகளின் உறவையும், அவை பிரிந்து எத்துணைக் காலமாயிற்று என்பதையும் உத்தேசமாகச் சொல்லலாம்.

இவ்வேட்டைப் படிக்க இருவகை முறைகள் வழங்குகின்றன. முந்தியது துண்டமாக்கிப் பார்க்கும் முறை. நொதியம் என்பது ஒரு வகைக் கத்தரிக்கோல் என்று கொள்ளுங்கள். அது குறிப்பிட்ட ஓர் எழுத்துத்தொடரைக் கண்ட இடத்தில் மாத்திரம் ஏட்டை வெட்டும். வெட்டுண்ட துண்டங்களைக் கடற்பாசியிலிருந்து எடுத்த ஒருவகைக் கூழினுள் இட்டு, திசை மாற்றி மாற்றி மின்சாரத்தைச் செலுத்துவர். சிறு துண்டம் விரைந்து ஓடும். பெரிய துண்டம் பின்தங்கும். முடிவில் ஏணிப்படிகள் போல வரிகள் தோன்றும். இரு கிருமிகளின் வரிகள் ஒத்திருந்தால் அவை நெருங்கிய உறவின என்று கருதுவர். 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட முறை இது. 1996 ஆம் ஆண்டில் அங்குள்ள சுகாதார ஆய்வுகூடங்கள் பல்ஸ்நெற் என்ற பெயரால் ஒன்றுசேர்ந்து, உணவால் வரும் நோய்க்கிருமிகளின் வரிகளை ஒப்பிடத் தொடங்கின. வெவ்வேறு ஊர்களில் நோயுற்றோர் ஒரே உணவை உண்டவர் என்பது இதனாற் பலமுறை வெளிப்பட்டது.

பிந்தியது ஏட்டை எழுத்தெழுத்தாக முற்றும் படிக்கும் முறை. முன்னையது ஏட்டின் அதிகாரத் தலைப்புக்களை ஒப்பிடுவது போன்றது. பின்னையது ஒவ்வோர் அடியையும் ஒப்பிடுவது போன்றது.

இவ்விரு முறைகளும் ஹெயிட்டிக் கிருமிமீது கையாளப்பட்டன. 2010 நவம்பர் முதலாந் தேதியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார், துண்ட வரிகளை ஒப்பிட்டு, இக்கிருமி தென்னாசியாவிற் காணப்படுவதை ஒத்தது என்று அறிவித்தனர். அடுத்த மாதம் வேறு விஞ்ஞானிகள் இரு ஹெயிட்டிக் கிருமிகளின் ஏடுகளை முற்றும் படித்து, 1991 ஆம் ஆண்டில் பெரு நாட்டிற் பரவிய கிருமியோடும், 2002, 2008 ஆம் ஆண்டுகளில் பங்களாதேசத்தில் எடுக்கப்பட்ட கிருமிகளோடும் ஒப்பிட்டனர். அயலிலுள்ள பெரு நாட்டுக் கிருமியோடு உறவு தூரமாயிருந்தது. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள பங்களாதேசக் கிருமியோடு உறவு நெருங்கியிருந்தது. எனவே கடலிலோ கழிமுகத்திலோ நெடுங்காலம் மறைந்திருந்த உள்ளூர்க் கிருமி எழுந்ததாகக் கொள்வது பொருந்தவில்லை. அது மனிதருடன் வந்தது என்பதே பொருந்திற்று.

எனினும் தென்னாசியா பரந்தது. நேபாளத்தின் கிருமியைப் பாராமல் நேபாளத்தைச் சுட்டுவது நீதியாகுமா? ஆகாது. நேபாள நாட்டு விஞ்ஞானிகளும் டென்மார்க், அமெரிக்க விஞ்ஞானிகளும் ஒன்றுகூடி, 2010 ஆம் ஆண்டில் நேபாளத்தில் எடுக்கப்பட்ட 24 கிருமிகளின் ஏடுகளை முற்றும் படித்தனர். 2011 ஆகஸ்ட் மாதத்தில் முடிவு வெளிவந்தது. அவற்றுள் மூன்று கிருமிகள் ஹெயிட்டிக் கிருமிகள் மூன்றுடன் ஒரே கொத்தில் அமைந்தன. 40 இலட்சம் எழுத்துக்களில் வேறுபாடு ஒன்றோ இரண்டோதான். ஆண்டுக்கு மூன்று என்ற கணக்கை நினைவிற்கொண்டால், இவ்வுறவு எத்துணை அண்மையது என்பது விளங்கும். இவ்வாராய்ச்சியில் நேபாள விஞ்ஞானிகள் தாமே பங்குகொண்டனர் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். தம் நாட்டுக்குச் சாதகமில்லாத உண்மையை வெளியிடத் துணை நின்ற அவர்களுடைய நெஞ்சுரம் போற்றற்குரியது.

நிற்க. எழுத்து ஒத்தது என்பதனால் மாத்திரம் வழக்கு முடிந்துவிடாது. இரு ஏடுகள் ஒத்திருந்தால் அவை உறவின என்று தெரியுமேயன்றி, எது எதிலிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்பது தெரியாது. அதற்கு ஊர்ச் செய்தியும் வேண்டும். அதனைத் தேடியவர் ரெனோ பியாரு என்னும் பிரெஞ்சு வைத்தியர். ஹெயிட்டி அரசாங்கம் உதவி வேண்ட, 2010 நவம்பர் மாதத்தில் அங்கு சென்று, முதல் நோயாளர் எவ்வூரில் எந்நாளில் தோன்றினர் என்பதை நிரைப்படுத்தினார். ஜோன் ஸ்னோ இலண்டனிற் செய்ததையே அவர் ஆற்றங்கரையிற் செய்தார் எனலாம். அவருடைய படமும் அந்த முகாமின் அயலையே காட்டிற்று. படம் ஒருபுறமும் கிருமியின் எழுத்து மறுபுறமும் நின்று ஒரே சாட்சி கூறின. தனித்தனியே ஐயத்துக்கு இடமளிக்கக்கூடிய இரண்டும் சேர்ந்தபோது ஐயம் நீங்கிற்று.

ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நிபுணர் குழு 2011 மே மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. முகாமின் கழிவகற்றும் முறை ஓடையைக் காக்கப் போதியதன்று என்று அக்குழு கண்டது. எனினும் பல சூழ்நிலைகள் ஒருங்கு கூடியமையால் நேர்ந்த கேடு என்றும், குறிப்பிட்ட ஒருவர்மீதும் குற்றமில்லை என்றும் முடித்தது. 2013 ஆம் ஆண்டில், புதிய ஆராய்ச்சிகளைக் கண்ட பின், அந்நிபுணர்களே அம்முகாமைச் சேர்ந்தோர் வழியாகவே நோய் வந்திருத்தல் கூடும் என்பதே சாலப் பொருந்தும் என எழுதினர். 2016 டிசம்பர் முதலாந் தேதியில் செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெயிட்டி மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். நோய் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. உதவிக்கென அறிவித்த 40 கோடி டொலரிலும் மிகச் சிறு பங்கே சேர்ந்தது. 2019 வரையில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பதினாயிரத்தை அண்மிய தொகையினர் மாண்டனர்.

இவ்வரலாற்றினின்று நாம் பெறவேண்டியது யாது?

அக்காலத்தில் நல்லெண்ணமுடைய பலர், நோயாளரைக் காப்பதே முதற் கடமை, தோற்றுவாயைத் தேடுவது வீண் பகையை வளர்க்கும் என்று கூறினர். நோயாளரைக் காப்பது முதற் கடமை என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆயின் உண்மையை மூடினாற் பகை வளராது என்பது சரியன்று. உண்மை மூடப்பட்டிருந்த அந்த மாதங்களிலேதான் பூசகர்கள் கொல்லப்பட்டனர். பிழை எங்கென்று தெரிந்தால்தானே திருத்தலாம்? படையினரை அனுப்புமுன் நோய்த்தடை மருந்து கொடுத்தல், முகாமின் கழிவை முகாமிலேயே சுத்திசெய்தல் முதலிய ஆலோசனைகள் உண்மையை நாடிய பின்னரே எழுந்தன.

இன்னொன்றும் உண்டு. நேபாளம் இந்துக்கள் பெருந்தொகையாய் வாழும் நாடு. பசுபதிநாதர் கோயில் கொண்டருளிய தலம். நம்மவர்மீதா பழி என்று நம் மனம் முந்தக்கூடும். ஆதலினாலேயே இச்செய்தியை இச்சபையிற் சொல்ல விரும்பினோம். நம்மவர் என்பதற்காக உண்மையை மறைப்பவன் வாய்மையைக் காப்பவனாகான். அதேபோல, ஒரு கிருமி வந்த வழியைக் கொண்டு ஒரு நாட்டு மக்களை வெறுப்பவனும் உண்மையை அறிந்தவனாகான். கொலராக் கிருமி உடலிற் புகுந்தவருட் பெரும்பாலோர்க்கு நோய்க்குறியே தோன்றுவதில்லை. அக்கிருமியைச் சுமந்து வந்த வீரன் தன்னை அறியாமலே சுமந்தான். ஏழை நாட்டிலிருந்து வந்து மற்றோர் ஏழை நாட்டுக்குத் தொண்டு செய்ய நின்றான். பிழை அவன் பிறப்பிலே இல்லை. காவலற்ற மலக்குழியிலே இருந்தது. முறையிட்டோரைச் செவிமடுக்காத அலட்சியத்திலே இருந்தது. கிருமியின் எழுத்து குலத்தைச் சொல்லும், குற்றத்தைச் சொல்லாது. குற்றத்தை நிறுக்கும் தராசு மனிதர் கையிலேயே உள்ளது.

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓய்ந்திருந்த நோய் ஹெயிட்டியில் மீண்டும் தலைகாட்டிற்று. மறுபடியும் யாரோ கொண்டுவந்தனரோ என்ற ஐயம் எழுவது இயல்பே. கிருமியின் ஏட்டைப் படித்தனர். அது 2010 ஆம் ஆண்டுக் கிருமியின் வழித்தோன்றலை ஒத்தது என்று கண்டனர். எனவே இம்முறை அயல்நாட்டாரைப் பழிப்பதற்கு இடமில்லாது போயிற்று. முன்னர் ஒரு பிழையை வெளிப்படுத்திய அதே சோதனை, பின்னர் வீண்பழி எழாமற் காத்தது.

அன்பர்களே, ஹெயிட்டி தூரத்து நாடாயினும் அதன் பாடம் தூரத்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். நீர் அதனூடே எளிதிற் செல்லும். நீரோடு அழுக்கும் செல்லும். கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கியிருக்கும் வளவில், ஒருவர் அலட்சியம் அயலார் செம்பிலே வந்து சேரும். நீரைத் தீர்த்தமென வணங்குவோர் நாம். அந்நீரைக் காப்பதும் வழிபாட்டின் பகுதியே என்று கொள்ளல் வேண்டும்.

வாலிபர்களே, உங்களிற் சிலர் நாளை வைத்தியராகவும் விஞ்ஞானிகளாகவும் ஆவீர்கள். கிருமியின் ஏட்டைப் படிக்கும் கலையைக் கற்றுக்கொள்ளுங்கள். படித்ததை அஞ்சாமற் சொல்லுங்கள். சொல்லும்போது எளியவர்மீது பழி விழாதவாறு சொல்லுங்கள். மற்றையோர், ஊரில் நோயொன்று தோன்றி, இன்னாராலே வந்தது என்ற பேச்சுக் காதில் விழும்போது, அதனை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லுமுன் சான்று யாது என்று ஒருமுறை கேளுங்கள். அவ்வாறு கேட்போர் பத்துப் பேர் அன்று ஹெயிட்டியின் அவ்வூர்களில் இருந்திருந்தால், சில பூசகராவது தம் குடும்பத்தோடு இன்றும் வாழ்ந்திருப்பர்.